ஐந்து நட்சத்திரத்தை யார் போட்டது?

பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வு பெற்ற வாத்தியாருக்குச் சுருக்கிச் சொல்ல வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். பண்டிகைத் தள்ளுபடி ஆரம்பித்து எல்லோரும் செல்போனில் விரலை ஓட்டத் தொடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இன்று காலை வாக்கிங்கைக்கூட விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த ஜனவரியில் எங்கள் வீட்டு கீசர் பழுதாகிவிட்டது. வீட்டம்மாவுக்கு மூட்டு வலி. பனிக்காலத்தில் வெந்நீர் இல்லாமல் முடியாது. மெக்கானிக் வர நாலு நாள் ஆகும் என்றார். "அதுவரைக்கும் ஒரு ஹீட்டர் ராடு வாங்கிப் போடுங்களேன்" என்றாள். நானும் கடைக்குப் போகச் சோம்பல்பட்டு செல்போனில் தேடினேன். 449 ரூபாய்க்கு ஒன்று வந்தது. 4.4 நட்சத்திரம். போட்டவர்கள் எட்டாயிரம் பேருக்கு மேல். எட்டாயிரம் பேர் சொன்னால் தப்பாகவா இருக்கும் என்று பொத்தானை அழுத்தினேன். மறுநாளே வந்தது. பெட்டி அழகாக இருந்தது.

கீசரைச் சரிசெய்த பிறகும், கரண்டு செலவு குறையும் என்று அந்த ராடையே உபயோகித்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது வாரம், ஒரு விடியற்காலை. குளியலறையிலிருந்து "ஏங்க" என்று ஒரு சத்தம், கூடவே வீடு முழுக்க இருட்டு. ஓடிப்போய்ப் பார்த்தால் அவள் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். எவர்சில்வர் பக்கெட்டின் விளிம்பைத் தொட்டிருக்கிறாள், அவ்வளவுதான். கை மரத்துப்போயிருந்தது. மெயின் போர்டில் இருந்த ஆர்.சி.சி.பி. டிரிப் ஆனதால் பிழைத்தாள். வீட்டைப் புதுப்பித்தபோது எலக்ட்ரீஷியன் தம்பி வற்புறுத்தி மாட்டியது அது. "எதுக்குப்பா தேவையில்லாத செலவு" என்று அவரிடம் அன்று பேரம் பேசியவன் நான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று மாலை அந்தத் தம்பி வந்து ராடைப் பிரித்துப் பார்த்தார். பிளக் மூன்று பின் பிளக்தான். ஆனால் உள்ளே பெரிய பின்னில் ஒயரே இல்லை. கேபிளுக்குள் இரண்டே ஒயர். எர்த் என்பது வெறும் வேஷம். கைப்பிடி சேரும் இடத்தில் அடைப்பு விரிசல் விட்டு உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. "சார், ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்க சார்?" என்று கேட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ராடிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. முப்பத்துச் சொச்சம் வருடம் பிள்ளைகளுக்கு "ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்க வேண்டும்" என்று பாடம் நடத்தியவன் நான். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி அது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து, விமர்சனங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். விடைத்தாள் திருத்துகிற மாதிரி, நிதானமாக. நோட்டில் குறித்துக்கொண்டே.

முதலில் பட்டது, ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள் எதற்குப் போட்டார்கள் என்பது. "பேக்கிங் சூப்பர்." "ஒரே நாளில் டெலிவரி." "இன்னும் உபயோகிக்கவில்லை, பார்க்க நன்றாக இருக்கிறது." "விலைக்கு ஏற்ற பொருள்." நம்புங்கள், உபயோகிக்காமலேயே ஐந்து போட்டவர்கள் ஒருவர் இருவர் இல்லை. பரீட்சை எழுத வந்த பையனுக்குச் சட்டை சலவையாக இருக்கிறது என்று நூற்றுக்கு நூறு போடுகிற கதை.

இரண்டாவது, காப்பி. வகுப்பில் காப்பி அடித்த இருவரைச் சரியான விடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. சரியான விடை எல்லோருக்கும் ஒன்றுதான். தப்பை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை இருந்தால் இருவரையும் எழுப்பி நிறுத்திவிடலாம். இங்கே மூன்று வெவ்வேறு பெயர்களில், அதே வாரத்தில், ஒரே ஆங்கில வார்த்தையை ஒரே மாதிரித் தப்பாக எழுதியிருந்தார்கள். ஆசிரியர்களாக இருந்தவர்களுக்கு இது புரியும். எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பே வந்துவிட்டது.

மூன்றாவதுதான் அதிசயம். பழைய தேதியில் இருந்த சில விமர்சனங்கள் ஹீட்டரைப் பற்றியே இல்லை. "சார்ஜர் ஒயர் நல்ல நீளம்" என்று ஒருவர். "கலர் கொஞ்சம் வேறு" என்று இன்னொருவர். பிறகு விசாரித்தபோது, இதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது என்று என் மகன் சொன்னான். நல்ல பெயர் வாங்கிய ஒரு பழைய பொருளின் பக்கத்திலேயே படத்தையும் பெயரையும் மாற்றி, புதிய பொருளை உட்கார வைத்துவிடுவார்களாம். பழைய நட்சத்திரங்கள் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். வேறு பையனின் ரேங்க் கார்டில் தன் போட்டோவை ஒட்டிக்கொள்வது.

பெட்டிக்குள் வந்த சின்ன அட்டையும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. "5 நட்சத்திரம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் 100 ரூபாய் கேஷ்பேக்." உங்களில் பாதிப் பேர் வீட்டு இழுப்பறையில் இதுபோன்ற அட்டை கிடக்கும். வாட்ஸ்அப் எண் அச்சடித்திருக்கும். இது லஞ்சம்தான். நூறு ரூபாய்க்கு நாம் நம்முடைய பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பொய்ச்சாட்சி சொல்கிறோம். வேடிக்கை என்னவென்றால், "உண்மையாக வாங்கியவர்" என்று போடும் அந்த முத்திரையும் அவர்களுக்குக் கிடைக்கும். ஏனென்றால் உண்மையாகவே வாங்கியவர்தானே.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. பணத்துக்கும் இலவசப் பொருளுக்கும் ஆசைகாட்டிப் பொய் விமர்சனம் எழுத ஆள் பிடித்ததாக, 10,000-க்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் குழுக்களின் நிர்வாகிகள் மீது 2022 ஜூலையில் அமேசான் நிறுவனமே வழக்குப் போட்டது. பத்தாயிரம் குழு என்றால் அது திருட்டு இல்லை, தொழில். அமெரிக்காவில் பொய் விமர்சனத்தை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதி 2024 அக்டோபரில் அமலுக்கு வந்தது. நம் நாட்டில் அதற்கு முன்பே, 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளில், விற்பனையாளர் தானே வாடிக்கையாளர் வேஷம் போட்டு விமர்சனம் எழுதக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம், அதாவது பி.ஐ.எஸ்., ஆன்லைன் விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்று ஒரு தரநிலையே கொண்டுவந்தது. எழுதுபவர் யார் என்று உறுதிசெய்ய வேண்டும், விலைக்கு வாங்கிய விமர்சனத்தைப் போடக்கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. ஆனால் கட்டாயமாக்காமல், விருப்பம் இருந்தால் பின்பற்றலாம் என்று விட்டார்கள். விருப்பம் இருந்தால் வீட்டுப்பாடம் எழுதி வா என்று சொன்னால் எத்தனை பிள்ளைகள் எழுதி வருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

சரி, எல்லா விமர்சனமும் யோக்கியமானது என்றே வைத்துக்கொள்வோம். என் மனைவியும் முதல் வாரம் கேட்டிருந்தால் ஐந்து போட்டிருப்பாள். தண்ணீர் சீக்கிரம் கொதித்தது, கரண்டு பில் ஏறவில்லை, விலை குறைவு. அதில் பொய் எதுவும் இல்லை. எர்த் ஒயர் இல்லை என்பதை எட்டாயிரம் பேரில் யார் பார்த்திருப்பார்கள்? பிளக்கைக் கழற்றினால்தானே தெரியும்? பொம்மையின் சாயத்தில் ஈயம் இருக்கிறதா, குக்கரின் சேஃப்டி வால்வு சரியான சூட்டில் உருகுமா, ஃபிளாஸ்க்கின் உள்பக்கம் எந்தத் தகரம், இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடியாது. வாங்கியவருக்குத் தெரிவது நிறமும் சத்தமும் ருசியும். உயிருக்கு ஆபத்து எது என்பது ஆய்வகத்துக்குத்தான் தெரியும். இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பொய் விமர்சனம் பாதிப் பிரச்சினை. உண்மையான விமர்சனமும் சொல்ல முடியாத விஷயம் மீதிப் பாதி.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருகிறேன். கும்மிடிப்பூண்டி ரயிலில் போகிறவர்களுக்கும், செங்குன்றம் தாண்டி ஜி.என்.டி. ரோட்டில் போகிறவர்களுக்கும் தெரியும், பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் நெல் வயலாக இருந்த இடங்களில் இப்போது எவ்வளவு பெரிய கிடங்குகள். நாம் செல்போனில் அழுத்துகிற பொத்தான் அங்கேதான் போய் மணியடிக்கிறது. 2025 மார்ச் 19 அன்று பி.ஐ.எஸ். சென்னைக் கிளை அதிகாரிகள் கும்மிடிப்பூண்டி பக்கம் புதுவாயலில் உள்ள அமேசான் கிடங்கில் சோதனை செய்தார்கள். முத்திரை கட்டாயமாக இருக்க வேண்டிய பொருள்கள், முத்திரை இல்லாமல் 3,000-க்கும் மேல். ஃபிளாஸ்க், சாப்பாட்டு ஹாட்பாக்ஸ், தண்ணீர் பாட்டில், சீலிங் ஃபேன், குழந்தைகளின் பொம்மை. மதிப்பு சுமார் 36 லட்சம் ரூபாய். நம் மாவட்டத்திலேயே கொடுவள்ளியில் இருக்கும் ஃபிளிப்கார்ட் கிடங்கிலும் சோதனை நடந்தது. அங்கே பிடிபட்டதில் குழந்தைகளின் டயாப்பர் பொட்டலங்களும் உண்டு. உலக நுகர்வோர் உரிமை நாள் மார்ச் 15. அது முடிந்து நாலாம் நாள்.

அதே மாதம் டெல்லி, லக்னோவில் உள்ள கிடங்குகளிலும் சோதனை நடந்தது. ஆகவே இது நம் ஊரின் களங்கம் ஒன்றும் இல்லை. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். முத்திரை இல்லை என்றால் அந்தப் பொருள் கெட்டது என்று அர்த்தம் இல்லை. அதைச் சோதித்தார்கள் என்பதற்கு நம்மிடம் ஆதாரம் இல்லை என்று அர்த்தம். ஹால் டிக்கெட் இல்லாமல் வந்தவன் நன்றாகப் படிக்கிற பையனாகக்கூட இருக்கலாம். ஆனாலும் உள்ளே விட மாட்டோம்.

அந்தச் செய்தியைப் படித்தபோது நான் நினைத்தது ஒன்றுதான். அங்கே அடுக்கி வைத்திருந்த பெட்டிகளில் எத்தனைக்கு நாலு நட்சத்திரத்துக்கு மேல் இருந்திருக்கும்? நட்சத்திரம் இருந்தும் அதிகாரிகள் போய்த்தானே பார்க்க வேண்டியிருந்தது?

குக்கர் கதை இன்னும் பழையது. வீட்டு பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 பிப்ரவரி 1 முதல் கட்டாயம். அதற்குப் பிறகும் முத்திரை இல்லாத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததாக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஆகஸ்டில் அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அமேசான் வழியாக விற்றவை 2,265 குக்கர், ஃபிளிப்கார்ட் வழியாக 598. வாங்கியவர்களுக்கெல்லாம் தெரியப்படுத்தி, குக்கரைத் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு. அமேசான் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. என்னை உறுத்துவது அந்த 2,265 என்ற எண். அத்தனை அடுப்படிகள். ஒரு அடுப்படிக்கு ஒரு அம்மா, ஓரத்தில் உட்கார்ந்து படிக்கிற ஒரு பிள்ளை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"அதனால்தான் சார், கடையில் வாங்கணும்" என்று சிலர் உடனே சொல்வீர்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. எங்கள் பஜாரிலேயே அந்த மாதிரி ராடு கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. பில் கேட்டால் முகம் சுளிப்பார்கள். எந்தக் கம்பெனியில் கமிஷன் அதிகமோ அதுதான் "நம்பர் ஒன் சரக்கு." ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கடைக்காரர் முகம் நமக்குத் தெரியும், நாளைக்கு அவர் வாசலில் போய் நிற்கலாம். என் ராடை விற்றவரை நான் தேடினேன். வேறு மாநிலத்தில் ஒரு முகவரி, எடுக்காத ஒரு போன் எண். நான் ஒரு நட்சத்திரம் போட்டு, பிளக்கின் உள்பக்கத்தைப் படம் எடுத்து விமர்சனம் எழுதினேன். "எங்கள் வழிகாட்டுதலுக்கு ஏற்றதாக இல்லை" என்று பதில் வந்தது. இரண்டாம் முறை படம் இல்லாமல் எழுதினேன். அது வந்தது. வந்து, எட்டாயிரத்துக்கு நடுவில் எங்கோ கிடக்கிறது.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண், பெயர் வேண்டாம், இந்தப் பக்கத்துக் கிடங்கு ஒன்றில் வேலை செய்கிறாள். கோயில் திருவிழாவில் பார்த்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, "சார், நீங்க ஸ்டாரைப் பாக்குறீங்க. நாங்க ரிட்டர்னைப் பாப்போம். சில பொருளு நாலரை ஸ்டாரு இருக்கும், மூட்டை மூட்டையா திரும்பி வரும். நாங்க எங்க வீட்டுக்கு அத வாங்கவே மாட்டோம்" என்றாள். எனக்கு அது பெரிய பாடம். எத்தனை விற்றது என்று போடுகிறார்கள். எத்தனை திரும்பி வந்தது என்று ஏன் எல்லாப் பொருளுக்கும் போடுவதில்லை? அந்த ஒரு எண் ஆயிரம் விமர்சனத்துக்குச் சமம். அவர்கள் கையில் அது இருக்கிறது.

அதேபோல் இன்னொரு நல்ல சாட்சி, ரிப்பேர் செய்கிறவர். மிக்ஸி வாங்கப் போகிறீர்களா? மிக்ஸி கடைக்குப் போகும் முன் மிக்ஸி ரிப்பேர் கடைக்குப் போங்கள். அலமாரியில் எந்தக் கம்பெனி அதிகம் படுத்திருக்கிறது என்று பாருங்கள். அதிகம் விற்கிற கம்பெனிதான் அதிகம் ரிப்பேருக்கும் வரும், அதையும் கழித்துக் கணக்குப் போட வேண்டும். அதனால் "எது அதிகம் வருது?" என்று கேட்காதீர்கள். "எதுக்கு ஸ்பேர் கிடைக்குது? எதோட மோட்டார் மறுபடி கட்டினா நிக்குது? உங்க வீட்டுல எது வச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மனுஷன் பொய் சொல்வது கஷ்டம்.

கண்ணால் பார்த்தால் நம்பலாம் என்பவர்களுக்கு ஒரு கதை. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின் விற்க இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஒரு டம்ளரில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் மெஷின் தண்ணீர். இரண்டிலும் கம்பிகள் உள்ள ஒரு கருவியை இறக்கிக் கரண்டு கொடுத்தார்கள். நம் தண்ணீர் ஒரு நிமிடத்தில் சாக்கடை மாதிரி பழுப்பாகப் பொங்கியது. அவர்கள் தண்ணீர் தெளிவாக நின்றது. "பாத்தீங்களா அங்கிள், இதைத்தான் நீங்க தினம் குடிக்கிறீங்க." தெருப் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் அடுப்படிக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்து வந்து அவர்களுடைய டம்ளரில் போட்டேன். "இப்ப இறக்குப்பா" என்றேன். அதுவும் அதே மாதிரி பழுப்பாகப் பொங்கியது. அழுக்கு தண்ணீரில் இல்லை, கம்பியில் இருந்து வருகிறது. தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும், இரும்புக் கம்பி கரைந்து துரு மாதிரி பொங்கும். உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாக நிற்கும். உயர்நிலைப் பள்ளி அறிவியல், மின்னாற்பகுப்பு. குடிநீரில் கரைந்துள்ள மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்று குடிநீர்த் தரநிலை ஐ.எஸ். 10500 சொல்கிறது, வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 2,000 வரை அனுமதி. நம் பகுதியில் சில இடங்களில் போர் தண்ணீர் அதைத் தாண்டும், அவர்களுக்கு ஆர்.ஓ. தேவைதான். அதற்குத் தண்ணீரைச் சோதனைச் சாலையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். தம்ளர் வித்தையைப் பார்க்கக் கூடாது. அந்த இளைஞர்களைத் திட்டவில்லை, டீ கொடுத்து அனுப்பினேன். அவர்களுக்கும் யாரோ கற்றுக்கொடுத்ததுதான், டார்கெட் இருக்கும்.

வீடியோ போட்டுப் பொருளைப் புகழ்கிறவர்களும் இந்தத் தம்ளர் ரகம்தான், எல்லோரும் இல்லை என்றாலும். பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அதைப் பார்ப்பவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பேசுகிற மொழியிலேயே சொல்ல வேண்டும். தமிழில் பதினைந்து நிமிடம் புகழ்ந்துவிட்டு, மூலையில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டால் செல்லாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. என் பேத்தி பார்க்கும் வீடியோக்களில் இப்போது அந்த வார்த்தையைத் தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவள் என்னைவிட வேகமாகக் கண்டுபிடிக்கிறாள்.

உண்மையான விமர்சனம் எப்படி இருக்கும் என்பதற்கு வெளிநாட்டில் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1936 முதல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்று ஒரு அமைப்பு. கம்பெனி கொடுக்கும் பொருளை அவர்கள் சோதிக்க மாட்டார்கள். சாதாரண ஆள் மாதிரி கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கி வந்து ஆய்வகத்தில் சோதிப்பார்கள். விளம்பரம் வாங்குவதில்லை. இங்கிலாந்தில் 1957-இல் 'விச்?' என்ற இதழ், ஜெர்மனியில் 1964-இல் அரசே தொடங்கி வைத்த ஒரு சோதனை நிறுவனம். நம் நாட்டிலும் இல்லாமல் இல்லை. அகமதாபாத்தில் 1978-இல் தொடங்கிய நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம், டெல்லியின் கன்ஸ்யூமர் வாய்ஸ் இரண்டும் பொருள்களை ஒப்பிட்டுச் சோதித்து முடிவுகளை வெளியிட்டு வந்திருக்கின்றன. நம் சென்னையில் நுகர்வோருக்காக 1985 முதல் உழைக்கும் சி.ஏ.ஜி. இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் இந்தப் பெயர்களில் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள் பார்க்கலாம். நூறு யூடியூபர் பெயர் சொல்வார்கள். அந்த ஒப்பீட்டு முடிவுகள் எளிய தமிழில் ஊர்ப்புற நூலகத்துக்கு மாதம் ஒரு தாளாக வந்தால் போதும். நானே வாசித்துக் காட்டத் தயார்.

அதுவரை நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால்:

கரண்டு, காஸ், குழந்தை, தலை. இந்த நாலில் எதைத் தொடுகிற பொருளாக இருந்தாலும் நட்சத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் முத்திரையைப் பார்க்கிறேன். தலை என்றது ஹெல்மெட். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். என்று ஒரு எண் இருக்கும், அது எந்தத் தரநிலை என்பது. ஹீட்டர் ராடுக்கு 368, ஹெல்மெட்டுக்கு 4151, குக்கருக்கு 2347. கீழே சி.எம்./எல். என்று ஆரம்பித்து ஒரு எண், அது உற்பத்தி செய்தவரின் உரிம எண். முத்திரையை யாரும் அச்சடித்துவிடலாம், எண்ணில்தான் சூட்சுமம். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருக்கு, எந்தப் பொருளுக்கு, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று வந்துவிடும். சார்ஜர், பவர் பேங்க் மாதிரிப் பொருளுக்கு ஆர் என்று தொடங்கும் பதிவு எண். நகைக்கு ஆறு எழுத்து எண் கலந்த எச்.யு.ஐ.டி. எல்லாம் அதே செயலிதான். ஆன்லைனில் வாங்கினால், பெட்டி வந்ததும் தூக்கி எறிவதற்கு முன் இதைப் பார்த்துவிடுகிறேன். இல்லை என்றால் அன்றே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

ஒரு சின்ன இடைச்செருகல். ஃபிரிட்ஜ், ஏ.சி., ஃபேன் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரம் வேறு. அது மின்சாரச் சிக்கனத்துக்கு அரசு நிறுவனம் கொடுப்பது. "அஞ்சு ஸ்டார் ஃபேன் வாங்கினேன், ஆறு மாசத்துல போச்சு" என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டார். அந்த ஐந்து கரண்டு பில்லுக்கு, ஆயுளுக்கு இல்லை.

பிறகு விமர்சனம். ஐந்தையும் ஒன்றையும் தாண்டிவிட்டு மூன்று நட்சத்திரக்காரர்களைப் படிக்கிறேன். கோபமும் இல்லை, கேஷ்பேக்கும் இல்லை, பாவம் அவர்கள்தான் உள்ளதைச் சொல்கிறார்கள். புதியது முதலில் வரும்படி வரிசை மாற்றுகிறேன். "ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன்" என்று யாராவது ஆரம்பித்திருந்தால் அந்த ஒருவர் போதும்.

ஏமாந்தால் 1915 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், தேசிய நுகர்வோர் உதவி எண். நான் அழைத்தேன், பேசினார்கள், புகார் எண் கொடுத்தார்கள், 449 ரூபாய் திரும்பி வந்தது. பணத்துக்காக இல்லை, அந்தப் பக்கத்தை எடுக்க வைக்கத்தான் அழைத்தேன். அந்தப் பெயரில் பக்கம் இப்போது இல்லை. அதே படத்தோடு வேறு பெயரில் ஒன்றைப் போன வாரம் பார்த்தேன். 4.2 நட்சத்திரம்.

இதனால்தான் எல்லாப் பாரத்தையும் வாங்குகிறவன் தலையில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. விழிப்புணர்வு, விழிப்புணர்வு என்று பள்ளிக் குடிமக்கள் நுகர்வோர் மன்றத்தில் நானும்தான் பேசியிருக்கிறேன், டிசம்பர் 24-க்கு ஊர்வலம் போயிருக்கிறேன். எட்டு மணி நேரம் சிப்காட் ஷிஃப்ட் முடித்து வருகிற பெண் ஒவ்வொரு பெட்டிக்கும் செயலியில் எண் போட்டுப் பார்ப்பாளா? முத்திரை கட்டாயமான பொருள் என்றால், விலைக்குப் பக்கத்திலேயே உரிம எண்ணைப் போட வேண்டும், எண் இல்லாவிட்டால் அந்தப் பக்கமே திறக்கக் கூடாது என்று வைத்தால் என்ன? கடன் தவணை எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டத் தெரிந்த கம்ப்யூட்டருக்கு இது ஒரு வேலையா? இதைத்தான் துறைக்குக் கடிதமாக எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.

ராடை எலக்ட்ரீஷியன் தம்பி கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். வெட்டிய பிளக்கோடு கடைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்குக் காட்ட.

உங்களிடம் ஒரு உதவி. வீட்டில் வாங்கி ஒரு வருடமாவது ஆன பொருள் ஒன்றைப் பற்றிக் கீழே எழுதுங்கள். என்ன பொருள், எத்தனை நாள் உழைத்தது, எது முதலில் போனது, ரிப்பேருக்கு ஸ்பேர் கிடைத்ததா. நேற்று வந்த பெட்டியைப் பற்றி வேண்டாம். பேக்கிங் பற்றியும் வேண்டாம்.